வடிவங்களைப் பிள்ளைக்கு எதைக்கொண்டு பழக்குவது? கட்டை, கடதாசி, ஈர்க்கு, கோலம், போன்: ஓர் ஒப்பீடு

நாலு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் எழும். வடிவங்களைப் பழக்க எதை வாங்குவது? எதையும் வாங்காமலே செய்ய ஏலாதா? திருகோணமலை நகரத்துப் புத்தகக் கடைகளில் வண்ணப் படத்தாள்களும் பயிற்சிப் புத்தகங்களும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் வடிவங்கள் போட்ட பைகளும் உண்டு. நல்ல மரக்கட்டைப் பெட்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். போனில் இலவசமாக இறக்கக்கூடிய விளையாட்டுகளுக்குக் கணக்கில்லை. இவற்றோடு வீட்டிலேயே கிடக்கும் பழைய கலண்டர் தாள், முற்றத்து ஈர்க்கு, அம்மம்மா போடும் கோலம். வேலை முடிந்து வீடு திரும்பும் தாய் தகப்பனுக்குப் பின்னேரத்தில் மிஞ்சுவது அரை மணித்தியாலம். அதற்குள் எல்லாவற்றையும் செய்ய இயலாது. ஒன்றிரண்டைத்தான் தெரிவுசெய்ய முடியும்.

தெரிவுசெய்ய ஓர் அளவுகோல் வேண்டும். விலையைப் பிறகு பார்க்கலாம். நான் முதலில் வைக்கும் அளவுகோலை எந்த வீட்டிலும் உடனே சோதித்துப் பார்க்கலாம். மட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதன் ஒரு பக்கம் பிள்ளைக்கு நேரே இருக்கும்படி மேசையில் வையுங்கள். "இது என்ன வடிவம் குஞ்சு?" என்றால் "சதுரம்" என்று பதில் வரும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மட்டையை, ஒரு மூலை பிள்ளையைப் பார்க்கும்படி திருப்புங்கள். "இப்ப?" என்று கேளுங்கள். "பட்டம்" என்று சொல்லும் பிள்ளைகள் பலர். "டயமன்" என்பாரும் உண்டு. தரம் இரண்டு, மூன்று படிக்கும் பிள்ளைகளும் இப்படிச் சொல்வார்கள். பக்கங்கள் நாலும் சமமாக இருந்தபடியே இருக்கின்றன, மூலைகளும் அப்படியே. ஆனாலும் பிள்ளையின் கண்ணுக்கு அது வேறு வடிவமாகிவிட்டது.

முக்கோணியிலும் இதேதான் நடக்கும். படத்தாளில் உள்ளதுபோல மூன்று பக்கமும் சமனாக, அடி கீழே, நுனி மேலே என்று இருந்தால் முக்கோணி. ஒல்லியாக நீண்டுபோன ஒன்றை வெட்டிக் கொடுத்தால் "இது முள்ளு" என்று தள்ளிவிடுவார்கள். தலைகீழாக வைத்தாலும் ஏற்க மாட்டார்கள். அமெரிக்காவில் டக்ளஸ் கிளெமென்ட்சும் ஜூலி சராமாவும் மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். வட்டத்தை ஏறக்குறைய எல்லோரும் சரியாக இனங்கண்டார்கள். சதுரத்தில் கொஞ்சம் பிசகியது. முக்கோணியிலும் செவ்வகத்திலும்தான் பிழைகள் மலிந்திருந்தன. வட்டத்தை எப்படித் திருப்பினாலும் ஒரே தோற்றம், அதனால் அதில் பிழைவிட வழியில்லை. திரும்பினால் தோற்றம் மாறும் வடிவங்களில்தான் சோதனையே இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல விளக்கம் 1957இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற ஆசிரியத் தம்பதி இருவரும் தம் வகுப்பு அனுபவத்திலிருந்து ஆய்வேடுகள் எழுதினார்கள். கேத்திரகணித அறிவு படிபடியாக வளர்வது, ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பது அவர்கள் கண்டது. முதற்படியில் பிள்ளை தோற்றத்தை மட்டும் பார்க்கிறது: "கதவு மாதிரி இருக்கு, அதனால் செவ்வகம்." அடுத்த படியில் பண்புகளைப் பார்க்கிறது: "நாலு மூலையும் செங்கோணம், அதனால் செவ்வகம்." பண்புகளுக்குள் என்ன தொடர்பு என்று யோசிப்பது அதற்கும் அடுத்த படி. நிறுவல் அதற்கும் மேலே. இந்தப் படியேற்றம் வயதால் தானாக நடப்பதில்லை, எதைக் கொடுத்துப் பழக்குகிறோம் என்பதால் நடக்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். சாதாரண தரத்தில் வட்டத் தேற்றங்களை மனப்பாடம் செய்து எழுதி, ஏன் அப்படி என்று கேட்டால் திகைத்து நிற்கும் பிள்ளைகளை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு இரண்டாம் படி சின்ன வயதில் ஏறாமலே போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு தெரிவையும் பார்த்து நான் கேட்பது ஒரே கேள்விதான். இது பிள்ளையைத் தோற்றத்திலேயே நிறுத்தி வைக்கிறதா, பண்புக்குக் கூட்டிச் செல்கிறதா?

படத்தாளும் பயிற்சிப் புத்தகமும்

இந்தக் கேள்விக்கு மிக மோசமான விடை தருவது இவைதான் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் வாங்கப்படுவதும் இவைதான். சுவரில் தொங்கும் படத்தாளில் ஒரு சதுரம், ஒரு முக்கோணி, ஒரு செவ்வகம், எல்லாம் நிமிர்ந்து நிற்கும். ஆறு மாதம் அதைப் பார்க்கும் பிள்ளை பெயரையும் படிக்கிறது, வடிவம் இப்படித்தான் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படிக்கிறது. பயிற்சிப் புத்தகத்தில் நிறம் தீட்டுவது, புள்ளிக்கோட்டின்மேல் கீறுவது எல்லாம் கைக்கு நல்ல பயிற்சி. எழுத்துக்கு உதவும். கேத்திரகணிதத்துக்கு அதிகம் உதவாது.

இன்னொரு கேடு, சில புத்தகங்களில் வரும் வரைவிலக்கணம்: "செவ்வகத்துக்கு இரண்டு நீளமான பக்கம், இரண்டு கட்டையான பக்கம்." இதை ஐந்து வயதில் மனதில் பதித்த பிள்ளைக்குப் பிறகு மேல் வகுப்பில் சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று சொன்னால் ஏற்க முடிவதில்லை. முதலிலேயே "நாலு மூலையும் புத்தக மூலை மாதிரி நேராக இருந்தால் செவ்வகம்" என்று சொல்லிவிட்டால் பிறகு எதையும் அழித்து எழுத வேண்டியதில்லை. பந்தைக் காட்டி "வட்டம்" என்று சொல்வதையும் இப்போதே விட்டுவிடுங்கள். பந்து கோளம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் ஒரு பாரமும் இல்லை.

படத்தாள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை திருப்பித் தொங்கவிடுங்கள், பக்கவாட்டிலும் தலைகீழாகவும். அதுவே அதைக் கொஞ்சம் பிரயோசனமுள்ளதாக்கும்.

மரக்கட்டை

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு என்னுடைய முதல் தெரிவு கட்டைதான். பிள்ளை வாழும் உலகில் தட்டையான வடிவம் என்று ஒன்று தனியாக இல்லை. கையில் எடுப்பதெல்லாம் திண்மம். 1837இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க்கில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய பிரெடரிக் ஃபுரோபல் இதைத் தெளிவாகக் கண்டிருந்தார். அவர் பிள்ளைகளுக்கென அமைத்த பொருட்களில் முதலில் வருவது நூற்பந்து, அடுத்தது மரத்தால் ஆன கோளம், உருளை, சதுரமுகி. கோளம் எப்பக்கமும் உருளும், சதுரமுகி உருளாது, உருளை இரண்டும் செய்யும். மூன்றையும் ஒரு சரிவான பலகையில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, வடிவம் என்பது அது என்ன செய்யும் என்பதோடு சேர்ந்த விடயம் என்று புரிகிறது. அங்கேயே பண்பு தொடங்கிவிடுகிறது.

மரியா மொண்டிசோரியின் வழியும் இங்கே பேசத்தக்கது. 1907இல் ரோமில் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்த அவர், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தியவர். அவருடைய வடிவப் பெட்டியில் ஒரு முக்கோணி மட்டும் இருக்காது. சமபக்கம், இருசமபக்கம், செங்கோணம், விரிகோணம் என்று வெவ்வேறு முக்கோணிகள் சட்டத்தோடு பொருந்தியிருக்கும். பிள்ளை சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் விளிம்பைத் தடவிப் பார்த்து, திருப்பித் திருப்பிச் சட்டத்துக்குள் பொருத்தும். என் அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது. விலைதான் பிரச்சினை. உண்மையான மொண்டிசோரிப் பொருட்கள் ஒரு முன்பள்ளி சேர்ந்து வாங்கத் தக்கவை, ஒரு வீடு வாங்கத் தக்கவை அல்ல. கடைப் பைகளில் வரும் பிளாஸ்டிக் வடிவங்களை அதற்கு ஈடாக நினைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் ஒரேயொரு முக்கோணிதான் இருக்கும், அதுவும் சமபக்கம்.

கொழும்புப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் சிறிதளவே எடுத்து உள்ளூர்த் தச்சுப் பட்டறையில் கேட்டால் மிச்சத் துண்டுகளில் அறுத்துத் தருவார்கள். இதற்கு அளவு தெரிந்திருக்க வேண்டும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். கட்டையின் நீளம் அகலத்தின் இருமடங்கு, அகலம் தடிப்பின் இருமடங்காக இருக்க வேண்டும். 4 அங்குலம், 2 அங்குலம், 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுரோபலின் செங்கற் கட்டைகளும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கரோலைன் பிராட் அமைத்த கட்டைகளும் இந்த 1:2:4 விகிதத்தில்தான் இருக்கின்றன. இந்த விகிதம் இருந்தால் இரண்டு கட்டை தட்டையாக அடுக்கிய உயரம் ஒரு கட்டை பக்கவாட்டில் நிற்கும் உயரத்துக்குச் சரியாக வரும். நாலு கட்டை அடுக்கிய உயரத்துக்கு ஒரு கட்டை செங்குத்தாக நிற்கும். பிள்ளை கோட்டை கட்டும்போது பாதி, கால், இருமடங்கு எல்லாம் கையிலேயே வந்து சேரும். விகிதம் தவறினால் அது வெறும் விறகு. முப்பது கட்டைக்குக் குறையாமல் எடுங்கள். அவற்றில் ஐந்தாறை மூலைவிட்டமாக அறுத்து முக்கோணத் துண்டுகளாக்குங்கள். விளிம்புகளை மட்டத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நிறம் பூச வேண்டாம். பூசினால் பிள்ளை நிறத்தைப் பார்த்துப் பிரிக்குமே தவிர வடிவத்தைப் பார்த்துப் பிரிக்காது.

கட்டையின் குறை, அது தனியே பேசாது. பக்கத்தில் யாராவது இருந்து "இதை ஏன் கீழ வைச்சீங்கள்?", "உருண்டையை அடியில வைச்சால் என்னாகும்?" என்று கேட்க வேண்டும். கேட்க ஆளில்லாத வீட்டிலும் அது ஒரு நல்ல விளையாட்டுத்தான், ஆனால் பாதிப் பயன்.

கடதாசி

ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் கடதாசி மடிப்பைச் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகும் என் முடிவு அதுதான். செலவே இல்லாத ஒன்று இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது ஆச்சரியமான விடயம்.

சுந்தரராவ் என்பவர் 1893இல் சென்னையில் கடதாசி மடிப்பால் கேத்திரகணிதம் செய்வது பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு அந்த யோசனை வந்ததே ஃபுரோபலின் பாலர் வகுப்புக் கடதாசி மடிப்பிலிருந்துதான். ஜேர்மனியின் பெரிய கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன் அந்த நூலைத் தன் நூலொன்றில் எடுத்துக்காட்ட, அதன் பிறகு அது மேலைநாடுகளிலும் பரவியது. சிறு பிள்ளைகளின் கைவேலையில் தொடங்கி ஒழுங்கான பல்கோணிகள் வரை சுந்தரராவ் மடித்துக் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. முதல் ஐந்தாறு மடிப்புகளே சின்னப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

ஓர் ஏ4 தாளை எடுங்கள். கட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின்மேல் சரியாகப் படிய மடித்து, மிஞ்சிய துண்டை வெட்டிவிட்டால் சதுரம் வந்துவிடும். அடிமட்டம் வைக்கவில்லை, அளக்கவில்லை. ஆனாலும் நாலு பக்கமும் சமன் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மடித்துப் பார்க்கலாம். இங்கே "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பதுதான் பாடம். "பார்த்தாத் தெரியுது" என்று சொன்ன பிள்ளை "மடிச்சுப் பார்த்தேன், சரியா வந்துது" என்று சொல்லத் தொடங்கும் நாளில் வான் ஹீல சொன்ன இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டது.

அந்தச் சதுரத்தை மூலையிலிருந்து மூலைக்கு மடித்தால் இரண்டு பாதிகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியும். இனிச் சதுரமாக வெட்டாத ஒரு தாளை மூலையிலிருந்து மூலைக்கு மடிக்கச் சொல்லுங்கள். மடிப்பதற்கு முன்னால், படியுமா படியாதா என்று கேளுங்கள். படியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பெரியவர்கள் உட்பட. மடித்துப் பார்த்தால் படியாது. இரண்டு பக்கமும் துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு ஐந்து பக்கமுள்ள ஓர் உரு வரும். இரண்டு பாதிகளும் அளவில் சமம், அதில் சந்தேகமில்லை, வெட்டித் திருப்பி வைத்தால் பொருந்தும். ஆனால் மடித்தால் பொருந்தாது. சமன் என்பதும் சமச்சீர் என்பதும் ஒன்றல்ல என்ற நுட்பமான விடயத்தை ஆறு வயதுப் பிள்ளை கையால் அறிந்துகொள்கிறது. இதை வேறெந்தப் பொருளாலும் இவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது.

அடுத்தது செங்கோணம். கரையெல்லாம் கிழிந்து ஒழுங்கில்லாத ஒரு துண்டுக் கடதாசியை எப்படியாவது ஒருமுறை மடியுங்கள். ஒரு நேர்கோடு வரும். அந்தக் கோடு தன்மேல் தானே படியும்படி இன்னொருமுறை மடியுங்கள். அந்த மூலை செங்கோணம். அதை எடுத்துக்கொண்டு பிள்ளை வீடெல்லாம் சுற்றட்டும். மேசை மூலை, கதவு மூலை, தரை ஓடு, கொப்பி. கூரையின் முகட்டில் பொருந்தாது, அங்கே விரிந்திருக்கும். கன்னியாவுக்குப் போனால் அந்தக் கடதாசியும் கூட வரட்டும். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் சதுரமாகக் கட்டப்பட்டவை. எந்தக் கிணற்றில் வெந்நீர் கூட என்று பிள்ளைகள் கை வைத்துப் பார்ப்பதைப் போலவே எந்த மூலை சரியாகப் பொருந்துகிறது என்றும் பார்க்கலாம். கோட்டை வாசலிலும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் படிகளிலும் அதற்கு வேலை இருக்கிறது.

இனி, மடித்த சதுரத்திலிருந்தே வெட்டி எடுக்கக்கூடிய சீனத்து ஏழு துண்டு விளையாட்டு. ஐந்து முக்கோணி, ஒரு சதுரம், ஓர் இணைகரம். மட்டையில் ஒட்டி வெட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். சின்ன முக்கோணிகள் இரண்டையும் சேர்த்தால் சதுரம் வரும், திருப்பிச் சேர்த்தால் இணைகரம், இன்னொரு விதமாகச் சேர்த்தால் நடுத்தர முக்கோணி. மூன்றும் வேறு தோற்றம், ஆனால் பரப்பளவு ஒன்று. உருவங்கள் அடுக்கும்போது இணைகரம் சில வேளை எப்படிச் சுழற்றினாலும் பொருந்தாது, கவிழ்த்துப் போட வேண்டிவரும். அதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க விடுங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த ஒரு கண்டுபிடிப்பு பத்துப் பக்கப் பயிற்சிக்குச் சமம்.

கடதாசியின் குறை வயதுதான். நாலு வயதுக் கைக்கு விளிம்போடு விளிம்பு படிய மடிக்க வராது, பிள்ளை சலித்துவிடும். வாடை மழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில் இங்கே தாள் ஈரம் இழுத்துத் துவண்டு போகும், அப்போது கலண்டர் தாள்போல மொத்தமானதை எடுங்கள்.

ஈர்க்கும் கடலையும்

இதையும் தொடங்கி வைத்தவர் ஃபுரோபல்தான். ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைக் குத்தி உருவம் கட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. நமக்குக் கடலை, ஈர்க்கு. இரவில் ஊறவைத்த கடலையில் ஒரே நீளமாக நறுக்கிய ஈர்க்கைக் குத்தினால் உறுதியாக நிற்கும், அடுத்த நாள் காய்ந்தால் இன்னும் இறுகும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் இதைத் தவிருங்கள். கடலை தொண்டையில் சிக்கும்.

மூன்று ஈர்க்கில் முக்கோணி, நாலில் சதுரம். சதுரத்தை மெல்லத் தள்ளினால் சரிந்து சாய்சதுரமாகும். முக்கோணி அசையாது. சதுரத்தை அசையாமல் நிறுத்துவது எப்படி என்று பிள்ளையிடம் விடுங்கள். குறுக்கே ஒரு ஈர்க்கு வைக்க நினைக்கும், அதே நீளத்தில் எடுத்தால் எட்டாது. மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்பதைக் கையே சொல்லிவிடும். சைக்கிள் சட்டத்தையும் ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்தையும் அதன் பிறகு காட்டுங்கள், ஏன் அங்கே முக்கோணி என்று பிள்ளையே சொல்லும். கடற்கரையில் காயப்போட்ட வலையையும் காட்டுங்கள். வலைக்கண்ணை ஒரு பக்கம் இழுத்தால் ஒடுங்கி நீள்கிறது, மற்றப் பக்கம் இழுத்தால் அகல்கிறது. பக்கத்தின் நீளம் மாறவில்லை, கோணம் மட்டும் மாறுகிறது. சதுரத்துக்கும் சாய்சதுரத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

திண்மங்களுக்கு இது கட்டையையும் வெல்கிறது. கட்டையில் முகம் தெரியும், இதில் விளிம்பும் உச்சியும் தெரியும். சதுரமுகிக்கு 8 கடலை, 12 ஈர்க்கு. முக்கோண அடியுள்ள கூம்பகத்துக்கு 4 கடலை, 6 ஈர்க்கு. எத்தனை வேண்டும் என்று முதலில் யோசித்து எண்ணி எடுத்து வைத்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். தரம் மூன்று, நாலு பிள்ளைக்கு இது மிக நல்ல வேலை.

கோலம்

கோலம் போடத் தெரிந்த அம்மம்மாவோ பெரியம்மாவோ வீட்டில் இருந்தால், கடையில் வாங்கும் எதையும்விட அது பெறுமதி. இல்லாவிட்டால் காணொளியைப் பார்த்து நீங்கள் படித்துக் கொடுப்பதைவிடக் கடதாசியோடு நின்றுகொள்வது நல்லது.

நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் சதுரச் சதுரமாக நிற்கும், ஊடுபுள்ளியில் ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி. ஊடுபுள்ளியில் முக்கோணிகளும் அறுகோணிகளும் இயல்பாகவே வரும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970களில் கோலங்களைக் கணினி விஞ்ஞானத்துக்கு உரிய பொருளாக எடுத்து ஆராய்ந்தார்கள். பொங்கலுக்கு முற்றத்தில் போடுவதில் அவ்வளவு கணிதம் இருக்கிறது.

ஆனால் பார்த்துப் பார்த்துக் கீறுவது மட்டும் கேத்திரகணிதம் ஆகாது. கோலத்தின் கால்வாசியை மட்டும் போட்டுவிட்டு "மிச்சத்தை நீங்கள் போடுங்கோ" என்று விட வேண்டும். அப்போதுதான் பிள்ளை எந்தப் பக்கம் திருப்பினால் பொருந்தும் என்று யோசிக்கும். ஆறு வயதுக்கு முன் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

போன்

எட்டு வயதுக்குள் வேண்டாம் என்பதே என் முடிவு. திரையில் விரலால் இழுத்தால் துண்டு தானாகத் திரும்பிப் பொருந்திவிடுகிறது. திருப்பும் வேலையைத்தான் பிள்ளை செய்ய வேண்டும், அதைக் கருவி செய்துவிட்டால் எஞ்சுவது கைதட்டும் சத்தம் மட்டுமே. திண்ம உருவத்தின் மறுபக்கத்தைத் திரையில் தொட்டுப் பார்க்கவும் முடியாது.

ஆனாலும் கணினியிலிருந்து வந்த ஒரு யோசனையைத் திரை இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். 1967இல் சேமர் பேப்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். "முன்னே போ, திரும்பு" என்ற கட்டளைகளால் ஓர் ஆமை நகர்ந்து கோடு கீறும். ஆமை எப்படிப் போகும் என்று தெரியாத பிள்ளையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்றார் பேப்பர்ட். டச்சுக்குடா மணலில் இதைச் செய்யலாம். ஒரு பிள்ளை ஆமை, மற்றப் பிள்ளை கட்டளை இடும். "பத்து அடி நட. வலப்பக்கம் திரும்பு." சதுரம் நடந்து முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்து தொடங்கிய திசையைப் பார்த்து நிற்கும்போது, மொத்தமாக ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருக்கும். முக்கோணி நடந்தாலும் அதே ஒரு சுற்றுத்தான். மேல் வகுப்பில் புறக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று படிக்கும்போது அந்த உடல் ஞாபகம் கைகொடுக்கும். தரம் ஆறுக்கு மேல், 2001இல் ஒஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹன்வார்டர் தொடங்கிய ஜியோஜிப்ரா என்ற இலவசச் செயலி மிகவும் உதவும். அந்த வயதில் போனை நானும் ஆதரிப்பேன்.

ரியூசன் பற்றி இந்த வயதுக்குப் பேச எதுவும் இல்லை.

எந்த வீட்டுக்கு எது

மூன்று, நாலு வயதில் கட்டை. காசு இல்லையென்றால் தீப்பெட்டி, மீன்ரின், பந்து, பிஸ்கட் பெட்டி ஆகியவற்றைச் சேர்த்து வைத்து உருளும் உருளாது என்று பிரிக்க விடுங்கள். சீனக்குடாப் பக்கம் போகும்போது எண்ணெய்த் தாங்கிகள் கண்ணில் பட்டால், அந்தப் பெரிய உருளை தூரத்திலிருந்து பார்க்க ஏன் செவ்வகம்போலத் தெரிகிறது என்று கேளுங்கள். வீட்டில் மீன்ரின்னைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஐந்து, ஆறில் கடதாசியைத் தொடங்குங்கள், கட்டையை எடுத்து ஒளிக்காதீர்கள். ஏழு, எட்டில் கடதாசியோடு ஈர்க்கு, கோலம் தெரிந்தவர் இருந்தால் கோலம். பிள்ளை தரம் நாலில், புலமைப்பரிசில் பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால், "இந்தப் படத்தில் எத்தனை முக்கோணிகள்" என்ற வகைக் கேள்விகளை வினாத்தாளில் மட்டும் செய்ய விடாமல், அந்தப் படத்தையே ஈர்க்கால் மேசையில் அடுக்கிச் சின்ன முக்கோணி, இரண்டு சேர்ந்தது, மூன்று சேர்ந்தது என்று விரலால் சுற்றி எண்ணச் செய்யுங்கள். எண்ணி விட்டுப்போவது குறையும்.

முன்பள்ளி நடத்துபவருக்கு என் பதில் வேறு. இருபது பிள்ளைகள் இருக்கும் அறையில் கடதாசி மடிப்பை ஒரு ரீச்சர் தனியே சமாளிக்க முடியாது. அங்கே கிடைக்கும் பணத்தை முழுதும் கட்டையிலேயே போடுங்கள், நூறு கட்டைக்கு மேல். படத்தாளுக்கு ஒரு ரூபாவும் வேண்டாம்.

கவராயப் பெட்டியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அதன் ஊசி முனை சின்னக் கைக்குப் பாதுகாப்பில்லை, காலும் வழுக்கிக் கோணலான வட்டம்தான் வரும். ஒரு தடியை மண்ணில் ஊன்றி, கயிற்றின் ஒரு நுனியை அதில் தளர்வாகக் கட்டி, மறுநுனியில் இன்னொரு தடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தளரவிடாமல் பிள்ளை சுற்றி வரட்டும். கயிறு நீண்டால் வட்டம் பெருக்கும், கயிறு மாறாமல் இருக்கும்வரை கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டும். முற்றத்தில் இடமில்லாவிட்டால் சீமெந்துத் தரையில் சோக்குக் கட்டியும் நூலும் போதும், நடுவில் நூலைப் பெருவிரலால் நீங்கள் அமத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.